எல்லாச் சத்தமும் லேப்டொப்பிலேயே கிடைக்கும்போது, பழைய அனலாக் சிந்தசைசர்மேல் (பதிவு செய்த சத்தம் இல்லாமல், மின்சுற்றே சத்தத்தைப் பிறப்பிக்கும் கருவி) கீபோர்ட் வாசிப்பவர்களுக்கு ஏன் இன்னும் இவ்வளவு ஆசை?

சத்தத்துக்காக என்று சொல்பவர்களை நான் அரைவாசிதான் நம்புவேன். கோயில் வீதியில் அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள்ளால் வரும்போது எது அசல் கருவி, எது மென்பொருள் என்று எனக்கே பிடிபடாது. என்னைப் பிடித்து வைத்திருப்பது விரலுக்குக் கிடைக்கும் சங்கதி.

யாழ்ப்பாணத்தில் திருவிழாக் காலம் தொடங்கினால் எங்கள் இசைக்குழு வான் வண்டியில்தான் குடியிருக்கும். இன்றைக்கு வடமராட்சி, நாளைக்குக் கிளிநொச்சி, அடுத்த கிழமை மட்டக்களப்பு. அந்த மேடைகளில் நான் வாசிப்பது எல்லாரும் வைத்திருக்கிற டிஜிட்டல் கீபோர்ட்தான். பாடகர் நின்ற நிலையில் பாட்டை மாற்றுவார். வயலின் கூட்டமோ வீணையோ பொத்தானை அமத்தினதும் வந்துவிட வேண்டும். அந்த வேலைக்கு 1970இல் வந்த மினிமூக் என்ற அனலாக் சிந்தசைசரைக் கொண்டுபோனால் சனம் கூ அடிக்கும். அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும்.

எனக்கு மயக்கம் அந்த ஒற்றைச் சுரத்தில்தான். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் பற்றிப் பெரியவர்கள் கதைக்கக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இங்கே சுரம் என்றால் ஆடும், வழுக்கும், போய்த் திரும்பும். டிஜிட்டல் கீபோர்ட்டில் ‘நாதஸ்வரம்’ என்று இருப்பது யாரோ ஊதிய தனித்தனிச் சுரங்களின் பதிவு. கட்டைக்குக் கட்டை தாவும்போது ஒவ்வொன்றும் புதிதாக ஊதத் தொடங்கும். சுருதியை வளைக்கும் சில்லை உருட்டினாலோ மூச்சும் சேர்ந்து வளைந்து, கசெட் வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கும்.

மினிமூக்கை நான் முதலில் தொட்டது ரொறன்ரோவில், நம்மவர் கச்சேரி ஒன்றுக்காகப் போயிருந்தபோது, ஒத்திகை அறையில். இரண்டு கட்டைகளை ஒன்றாக அமத்தினால் அதில் கீழே உள்ளதுதான் ஒலிக்கும். ஆகவே ரிஷபத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பெருவிரலால் சட்ஜத்தைத் தட்டினால், சுரம் இறங்கித் தொட்டுவிட்டுத் தானாக ஏறிவரும். விரல் முழுக்க எடுபடாததால் சத்தம் புதிதாகத் தொடங்காது, ஒரே மூச்சில் போகும். சுரத்துக்குச் சுரம் வழுக்க வைக்கும் கிளைட் குமிழைக் கொஞ்சம் திறந்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் மூலைகள் மழுங்கி, சுரத்தை ஆட்டும் கம்பிதம் என்ற கமகம் மாதிரி ஒன்று வந்து நிற்கும். இடக்கை, சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் குமிழில் இருந்தால் சத்தம் வாய் மூடுவதும் திறப்பதும் நாதஸ்வரச் சீவாளியில் உதடு இறுகித் தளர்வதற்குக் கிட்ட வருகிறது. இதைக் கமகத்துக்காக ஒருவரும் செய்யவில்லை. அந்தக் காலத்து மின்சுற்றுக்கு அதுதான் இலகு, அவ்வளவுதான். மென்பொருளிலும் இதே குணத்தைப் போட்டிருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஒரு வேலைக்கு ஒரு குமிழ் என்று கண் பார்க்காமலே கை போகிற பழக்கம் எனக்கு மவுஸில் வரவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, கொஞ்சம் சொந்தக் கதை. தொண்ணூறுகளின் முதற் பாதியில் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் பாட்டுக் கேட்டோம். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் வரும் சிந்தசைசர் சத்தம் என் காதுக்கு வந்தது அப்படித்தான். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் சுருதி இறங்கும், “டேய், சுத்தடா” என்றால் ஏறும். ஆடாத சுருதி எனக்குக் கொஞ்சம் உயிரில்லாமல் கேட்பது அதனாலோ என்னவோ. (அந்தக் காலத்துச் சத்தத்துக்காக அனலாக் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் ஏங்குவது பல நேரம் 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7க்கு. அது முழு டிஜிட்டல்.)

ஆனால் மேடையில் சுருதி ஆடினால் பாடகர் விடமாட்டார். பழைய அனலாக் கருவிகளில் சுருதியைத் தீர்மானிக்கும் டிரான்சிஸ்டர்கள் வெக்கைக்கு மாறுகிறவை. பின்னேர வெயிலில் பொருத்திச் சுருதி பார்த்து வைத்தால், இரவு கடற்காற்று வீசும்போது அது வேறெங்கோ போய் நிற்கும். 1978இன் புரொஃபெட்-5 என்ற சிந்தசைசரில் இதற்காகவே தானாகச் சுருதி சேர்க்கும் பொத்தான் வைத்தார்கள். ரோலண்ட் நிறுவனத்தின் ஜூனோ வகைச் சிந்தசைசர்கள் வேறு வழி பிடித்தன. அலையைப் பிறப்பிப்பது அனலாக், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிஜிட்டல் கடிகாரம். அதனால் எங்கள் வெக்கைக்கு ஜூனோதான் சரி.

என்னிடம் இருப்பது ஜூனோ-106, 1984இல் வந்த வகை. சுவிஸில் மச்சான் வீட்டு நிலவறையில் கிடந்து, கப்பல் பெட்டியில் பாத்திரம் பண்டங்களோடு வந்தது. ஐரோப்பாவுக்குச் செய்தது என்பதால் எங்கள் 230 வோல்ட்டில் நேரே ஓடும். ஜப்பானில் இருந்து வருபவை 100 வோல்ட். இடையில் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் புகைதான். அதில் ஒரே நேரத்தில் ஆறு சுரம் வரும், சுரத்துக்கு ஒன்றாக ஆறு ‘குரல்’ மின்சுற்றுகள். வந்த நாளில் அந்த ஆறு குரல்களில் ஒன்று கர் என்றது. 106க்கு இது பரம்பரை வியாதி. 80017ஏ என்ற குரல் சிப்பின் மேற்பூச்சு நாட்பட நாட்பட மின்சாரத்தைக் கசியவிடும். ரேடியோ திருத்துகிற அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். “தம்பி, சிப்பை எங்க தேடுறது? பூச்சைக் கழட்டிப் பாப்பம்” என்று அசிட்டோனில் ஊறப்போட்டார். பூச்சு உரிந்து குரல் திரும்பியது. எல்லாச் சிப்பும் இதற்குத் தேறாது, இது தேறியது.

அதை நான் பயணத்துக்கு எடுப்பதில்லை. உப்புக் காற்றுக்கு ஸ்லைடர்கள் சரசரக்கத் தொடங்கும். ஜெனரேற்றர் கரண்ட் ஏறி இறங்கும், எர்த் சரியில்லாத பந்தலில் ஸ்பீக்கர் உறுமும். வான் வண்டியில் போவது கோர்க் நிறுவனத்தின் மொனோலோக். புதிய கருவிதான், ஆனால் உள்ளே அனலாக். சின்னப் பற்றரி ஆறு போட்டால் ஓடும், ஜெனரேற்றரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. சுரத்தானங்களை நாமே நுண்ணியதாக நகர்த்தி வைக்கவும் விடுகிறது. ஒரு ராகத்தின் காந்தாரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வாசிக்கும் சுகத்தைப் பெரிய கீபோர்ட் வைத்திருக்கிற எத்தனை பேர் தேடிப் பார்த்திருக்கிறார்கள்?

நீங்களும் வாங்க யோசித்தால் முதலில் இப்படிப் புதிய சின்னதொன்றை வாங்குங்கள். பழையதுதான் வேண்டும் என்றால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 1981இன் கோர்க் பொலிசிக்ஸ் போன்றவற்றில் உள்ளே இருக்கும் பற்றரி கசிந்து சர்க்கிட் போர்ட்டையே தின்றிருக்கும். ஜூனோ-106 என்றால் ‘பொலி 1’ என்ற பொத்தானில் வைத்து ஒரே கட்டையை ஆறு தடவை விட்டுவிட்டு அமத்துங்கள். ஒவ்வொரு தடவையும் வேறொரு குரல் ஒலிக்கும். ஒன்று கரகரத்தாலும் சரி, ஊமையாக இருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே விலையைப் பாதியாகக் கேளுங்கள்.