நீலா, ஹேவ்லாக்கா?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அந்தமான் போகிறோம். கையில் அதிகம் பணம் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் கிடக்க நீல் தீவு நல்லதா, ஹேவ்லாக் நல்லதா? இதிலேயே எங்களுக்குள் சண்டை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு முன்பே இந்தச் சண்டையை வேறு இருவர் போட்டு முடித்துவிட்டார்கள். நீலும் ஹேவ்லாக்கும்தான். தீவுகளைச் சொல்லவில்லை, ஆட்களைச் சொல்கிறேன். சிப்பாய்க் கலகத்தை அடக்கக் கிளம்பிய பிரிட்டிஷ் தளபதிகள்; தீவுகளுக்கு வைத்தது இவர்கள் பெயரைத்தான்.

1857 ஜூலை, கான்பூர். ஹேவ்லாக் ஊரைப் பிடித்துச் சில நாட்களில் நீல் வந்து சேர்கிறார். இருவரும் பிரிகேடியர் ஜெனரல்கள். வந்தவரிடம் ஹேவ்லாக் முதலில் சொன்ன சேதி, நான் இங்கே இருக்கும்வரை உமக்கு அதிகாரம் கிடையாது, ஒரு உத்தரவுகூட நீர் போடக்கூடாது என்பது. அந்த மாதக் கடைசியிலேயே, லக்னோவுக்குக் கிளம்பிய ஹேவ்லாக் பாதி வழியில் பின்வாங்கினார். உடனே நீல் ஒரு கடிதம் எழுதினார். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எழுதியது போல அது இல்லை. மாமியார் மருமகளுக்கு எழுதியது போல இருந்தது. காலம் இப்படி இல்லாவிட்டால் உம்மைக் கைது செய்திருப்பேன் என்று ஹேவ்லாக்கிடமிருந்து பதில் போயிற்று.

செப்டம்பரில் மூன்றாமவர் வந்தார், அவுட்ராம். பதவியில் இருவருக்கும் மூத்தவர். ஆனாலும் பெருந்தன்மையாகத் தலைமையை ஹேவ்லாக்கிடமே விட்டுவிட்டு, சாதாரணத் தொண்டராகக் கூட வருகிறேன் என்றார். வந்தார். வழிநெடுக யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் நால்வரிலும் ஓர் அவுட்ராம் நிச்சயம் இருப்பார். "நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பாரே, அவர்தான். நீலைச் சமாளித்துவிடலாம், சத்தம் போடுகிறவர். அவுட்ராமைத்தான் சமாளிக்க முடியாது. அவர் பெயரிலும் அதே தீவுக் கூட்டத்தில் ஒரு தீவு இருக்கிறது.

எனக்கு நீல் மேல் தனிக் கோபம் உண்டு. என் வாசகர்களுக்கு இது பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் படையோடு வடக்கே போய், அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் தொங்கவிட்ட மனிதர் இவர். அதற்குப் பரிசாக மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் தொண்டர்கள் சுத்தியலோடு அதன் மேல் ஏறினார்கள், சிறைக்குப் போனார்கள். அஹிம்சையாக நடத்துங்கள் என்று சொல்லிக் காந்தியும் அந்தப் போராட்டத்தை ஆதரித்தார். அப்படியும் சிலை அசையவில்லை. 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் அதை இறக்கினார்கள். இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கப்பல் டிக்கெட்டே தேவையில்லை, பஸ் போதும்.

சிலை போயிற்று, தீவு மட்டும் இன்னும் எண்பது வருடம் அவர் பெயரிலேயே கிடந்தது. அதுவும் எங்கே? அந்தக் கலகத்தில் பிடிபட்டவர்களை 1858இல் நாடு கடத்திக் கொண்டுபோய் இறக்கிய அந்தமானில். கைதி கரையில், அவனைக் கைதியாக்கியவர்களின் பெயர்கள் கடலெங்கும். நீல், ஹேவ்லாக், அவுட்ராம், இரண்டு லாரன்ஸ்கள், நிக்கல்சன். வரைபடத்தையே பதக்கப் பட்டியலாக்கிவிட்டார்கள்.

2018 டிசம்பர் 30 அன்று நீல் ஷஹீத் த்வீப் (தியாகி தீவு) ஆயிற்று, ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. நல்ல காரியம். ஆனால் 1943இல் நேதாஜி ஷஹீத் என்றது அந்தமான் முழுவதையும், ஸ்வராஜ் என்றது நிக்கோபாரை. இப்போது அந்த இரண்டு பெயரும் அந்தமானில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2024இல் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கியபோது சோழர் கடற்படைத் தளத்தை நினைவூட்டினார்கள். ஸ்ரீவிஜயம் என்பது ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பி அடித்த நாடு! வெற்றி என்ற பொருளில்தான் வைத்தோம் என்பார்கள். சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். போன தடவை ஊர்ப் பெயர்களைப் பற்றி எழுதி வாங்கிய கடிதங்களே ஒரு மூட்டை இருக்கின்றன.

எங்கள் பிழைதிருத்துநர் ஒருவர் இருந்தார். நீல் தீவு என்று நான் எழுதினால் 'நீலத் தீவு' என்று திருத்திவிடுவார். கடல் நீலமாகத்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். மூன்று இதழ்கள் சண்டை போட்டேன். இப்போது நினைத்தால், அந்தத் தளபதிக்கு அதைவிட நல்ல தண்டனை கிடையாது.

பெயர் விஷயத்தில் புத்திசாலிகள், அங்கே குடியேறிய வங்காள அகதிகள்தான். தளபதிகளை அவர்கள் சட்டையே செய்யவில்லை. நீலில் ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். ஹேவ்லாக்கில் கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணநகர். ஒரு தீவு ராமாயணம், ஒரு தீவு பாகவதம். உங்கள் கேள்வியை இப்படிக் கேட்டிருந்தால் பதில் சொல்வதும் சுலபம். கடலுக்குள் மூழ்கப் பழக வேண்டும், பெரிய கடற்கரை வேண்டும், ராத்திரி நாலு பேர் முகம் பார்க்க வேண்டும் என்றால் கண்ணன் பக்கம் போங்கள். ஒன்றும் செய்யாமல் கிடக்க என்றுதானே கேட்டீர்கள்? அப்படியானால் நீல். வாடகைச் சைக்கிளில் அரை நாளில் தீவு முடிந்துவிடும். மீதி ஆறரை நாளும் உங்களுடையது.

ஒரு விஷயம். அந்தமான் எங்கோ கிழக்கே கிடக்கிறது, கடிகாரமோ நம்முடையது. டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் போய்விடும். விடுமுறைதானே என்று பன்னிரண்டு மணிக்கு எழுந்தால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இருட்டிவிடும். சீதாபூரில் உதயம், லட்சுமண்பூரில் அஸ்தமனம், நடுவில் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவளத்தைப் பொறுக்கிப் பைக்குள் போட வேண்டாம், அது குற்றம். ஹேவ்லாக்கில் ராதாநகர் பக்கத்தில் நீல்ஸ் கோவ் என்று ஒரு சிறு குடா இருக்கிறது. ஆமாம், ஹேவ்லாக்கின் வீட்டுக்குள்ளேயே நீல்! அங்கே முதலை எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் படித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். 2010இல் ஒரு பயணியின் உயிர் போன இடம்.

தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள். நீல் லக்னோவில் குண்டடி பட்டு இறந்தார். இரண்டு மாதம் கழித்து அதே ஊரில் ஹேவ்லாக்கைச் சாய்த்தது வயிற்றுக்கடுப்பு.