பசளை இருப்பு ஒத்துவரவில்லையா? சேர்வர் வாங்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் பசளைக் கடை, புதுக்குடியிருப்பில் கிளை, பரந்தனில் களஞ்சியம். இரண்டு கடையிலும் பில் போடுகிறோம். பெரும்போகம் தொடங்கியதிலிருந்து கம்பியூட்டர் காட்டும் யூரியாவும் களஞ்சியத்தில் உள்ளதும் ஒத்துவருவதில்லை. மென்பொருள் விற்றவர் புதிய சேர்வர், அதாவது இரண்டு கடைக் கணக்கையும் வைத்திருக்கும் பொதுக் கம்பியூட்டர், வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உதாரணத்துக்கு, இரண்டு கடைத் திரையிலும் இருப்பு 40 மூட்டை. நீங்கள் 5 விற்க, உங்கள் கம்பியூட்டர் 35 என்று எழுதுகிறது. அதே நேரம் கிளையில் 3 விற்று 37 என்று எழுதுகிறார்கள். பிந்தி எழுதியது நிற்கும். உண்மையில் இருப்பது 32. வேலைக்கு நிற்கிற பிள்ளைகளைச் சந்தேகிக்காதீர்கள், பாவம். வேகமான சேர்வர் இந்தப் பிழையைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

விற்றவரிடம் ஒன்றைக் கேளுங்கள். புரோகிராம் ‘மிச்சம் 35’ என்று எழுதுகிறதா, ‘5 மூட்டையாவது இருந்தால் 5 கழி’ என்று ஒரே கட்டளையாக அனுப்புகிறதா? இரண்டாவதுதான் வேண்டும். அப்போது ஒருவர் கழித்து முடியும்வரை, இருப்புக் கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளம் மற்றவரைக் காக்கவைக்கும். “டிரான்சாக்‌ஷன் போட்டிருக்கிறோம், பயமில்லை” என்பார்கள். பல கட்டளைகளை ஒரே கட்டாக, நடந்தால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று அனுப்புவதுதான் அது. மயங்காதீர்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலுமே வழக்கமான அமைப்பில் அது மட்டும் இந்தப் பிழையைத் தடுக்காது.

இணைப்பு அறுந்தால் மட்டும் கதை வேறு. களஞ்சியத்தில் எவ்வளவு மிச்சம் என்று கிளைக்குத் தெரியாது, மற்றவரைக் காக்கவைக்கும் எந்தப் பூட்டும் உதவாது. ஒன்றில் விற்பனையை நிறுத்த வேண்டும், அல்லது முன்கூட்டியே பங்கு பிரிக்க வேண்டும்: 40-இல் 15 கிளைக்கு, அதற்கு மேல் பில் இல்லை. இல்லாவிட்டால் பில்லோடு பரந்தனுக்குப் போகிற கமக்காரர் வெறுங்கையோடு திரும்புவார். லைன் வந்ததும் மிச்சத்தை அனுப்பக் கூடாது, விற்ற பில்களை அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வேண்டும், இரண்டு தரம் வந்தாலும் ஒரு தரம் கழிய. கம்பியூட்டர் நேரத்தைப் பார்த்துக் கடைசிப் பதிவை எடுக்கும் புரோகிராம் வேண்டவே வேண்டாம். இரண்டு இடத்துக் கடிகாரமும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். இன்னும் அப்படியே விற்கிறார்கள்!

மூன்று விலைக்கோரல் எடுத்துக் குறைந்ததைப் பிடிக்கும் வழக்கம் இருக்கும்வரை மென்பொருள் விற்பவர்களுக்குக் கவலையில்லை. சங்கங்களும் அப்படித்தான் வாங்குகின்றன, சோதித்துக் காட்டு என்று கேட்பார் இல்லை. நீங்கள் கேளுங்கள். இருப்பை 1 ஆக்கி, இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில் பில் போடச் சொல்லுங்கள். பல தரம் செய்தும் ஒவ்வொரு தரமும் ஒரு பில் மட்டுமே விழுந்தால் மிச்சக் காசைக் கொடுங்கள்.