சிரிச்சுக்கிட்டு நிக்கிறது லேசுப்பட்ட வேலையா?

கேள்வி: ஹால்மார்க்ங்கற அமெரிக்க டிவிக் கம்பெனில 'ஃபைண்டிங் மிஸ்டர் கிறிஸ்துமஸ்'னு ஒரு ஷோ வருது. நடிக்க சான்ஸ் தேடுற பத்து பசங்கள ஒரு வீட்டுல தங்க வச்சு போட்டி நடத்தி, ஜெயிக்கிறவருக்கு ஒரு கிறிஸ்துமஸ் படத்துல ஹீரோ வேஷம் தர்றாங்க. வீட்டுல எல்லாரும் உக்காந்து பாக்குறோம். ஆனாலும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மரத்துப் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு போட்டியா சார்? இதுல ஜெயிச்சு யாராவது நிஜமாவே நடிகரா வர முடியுமா?
– வாசகி, ஆட்டவா, கனடா

பதில்: நடிகரா வர முடியுமாங்கிறதுக்கு அப்புறம் வர்றேன். 'சிரிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு'ன்னு போற போக்குல எழுதிட்டீங்களேம்மா, அத தாண்டிப் போக எனக்கு மனசு வரல.

நீங்க இருக்கறது ஆட்டவாவுல. உங்களுக்குப் பக்கத்துலயே ஆல்மான்ட்னு ஒரு ஊரு, பழைய கல்லுக் கட்டடமும் ஆறுமா சின்னதா அழகா இருக்கும், இந்த கிறிஸ்துமஸ் படக்காரங்க அங்க எத்தனையோ தடவ வந்து, அமெரிக்காவுல எங்கயோ இருக்கற ஊரு மாதிரி காட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. வேன்கூவர் பக்கம் இன்னும் ஜாஸ்தி. டிசம்பர்ல டிவில வரணும்னா பல படங்கள வெயில் காலத்துலயே எடுத்தாகணும். அதனால புல்லு பச்சையா இருக்கற எடத்துல வெள்ளைப் போர்வைய விரிச்சு, நுரையையும் காகிதத் தூளையும் தூவி பனின்னு ஆக்கிடறாங்க, மேல வெயில் காயுது, கீழ அந்தப் பையன் கம்பளிக் கோட்டு, மஃப்ளர், கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு, கையில காலிக் கப்ப வச்சு சூடா கோகோ குடிக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டு, வேர்வை வழியாம, குளுருதுன்னு நம்மள நம்ப வைக்கணும். இதுல சிரிக்கவும் வேணும்!

ஒரு படத்துக்கு அவங்க ஒதுக்கறது பதினஞ்சு நாள் சுமாருக்கு. ஒண்ணரை மணி நேரப் படத்த அதுக்குள்ள முடிக்கணும்னா ஒரு நாளைக்கு ஸ்கிரிப்ட்ல ஆறேழு பக்கமாவது எடுத்தாத்தான் ஆச்சு. பெரிய பட்ஜெட் படத்துல ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் எடுத்தாலே நல்ல வேகம்னு சொல்லுவாங்க. அப்ப இங்க ரீடேக் எத்தன கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஹீரோயின முந்தாநாள்தான் முதல் தடவ பாத்திருப்பான், இன்னிக்கு கடைசி சீன், முத்தம் குடுக்கற சீன் முதல்ல, ரெண்டு பேரும் சந்திக்கிற சீன் அடுத்த வாரம். எந்த சீன்ல எவ்வளவு காதல் மூஞ்சில தெரியணும்ங்கற கணக்கு முழுசா அவன் தலையில இருக்கணும்.

இந்தப் பக்கத்துல நான் பல வருஷமா சொல்லிட்டு வர்ற ஒண்ணு இருக்கு, திரும்பவும் சொல்றேன். அழுகை சீன்ல நடிகனுக்குத் துணைக்குக் கண்ணீர் இருக்கு. வில்லன் வேஷத்துக்கு குரல் இருக்கு, மேக்கப் இருக்கு, பின்னணி இசை இருக்கு. குடிகாரன், பைத்தியக்காரன், சாகக் கெடக்கிறவன்னு எதுவா இருந்தாலும் பிடிச்சுக்க ஒரு கொம்பு உண்டு. நல்லவனா, சந்தோஷமா, ஒரு பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு நிக்கிறவனுக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல, அவன் மூஞ்சி மட்டும்தான். அங்க பொய் இருந்தா உங்க வீட்டு எட்டு வயசுக் குழந்தைகூட கண்டுபிடிச்சிடும். விருதுக் கமிட்டிக்காரங்க வருஷா வருஷம் அழறவங்களுக்கே தூக்கிக் குடுக்கறாங்க, நானும் வருஷா வருஷம் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்.

அந்த ஹால்மார்க் கம்பெனியும் நேத்து மொளச்சது இல்ல. 1910ல கேன்சஸ் சிட்டில போஸ்ட் கார்டு விக்க ஆரம்பிச்ச வாழ்த்து அட்டைக் கம்பெனி அது. 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி, அமெரிக்க டிவிக்குன்னே எழுதச் சொன்ன ஒரு ஓபராவ, அதாவது பாட்டு நாடகத்த, அவங்க செலவுல என்பிசி சேனல்ல ஒளிபரப்புனாங்க. இப்ப நீங்க பாக்கற 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்'ங்கற வருஷாந்திர கிறிஸ்துமஸ் பட வரிசை 2009ல ஆரம்பிச்சது, அக்டோபர் மாசமே தொடங்கிடும், 2019ல ஒரே வருஷத்துல நாப்பது புதுப் படம் போட்டாங்க. நாப்பது படம்னா நாப்பது ஹீரோ வேணும். ஒரே மூஞ்சிங்கள எத்தன தடவ சுத்தி விடறது? ஹீரோவுக்கு ஆள் தேடறதையே ஒரு ஷோவா ஆக்குனதுக்குப் பின்னால இந்தத் தேவையும் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அந்த ஷோவ நடத்தற ஜொனாதன் பென்னட் பத்தி ஒரு வார்த்த சொல்லாம போக மாட்டேன், பழைய சண்டை ஒண்ணு பாக்கி இருக்கு. 2019 டிசம்பர்ல ரெண்டு மணப்பெண்கள் முத்தம் குடுத்துக்கற ஒரு கல்யாண வெப்சைட் விளம்பரத்த, யாரோ புகார் குடுத்தாங்கன்னு ஹால்மார்க் தூக்கிடுச்சு. நாலா பக்கமும் கண்டனம் வந்ததும் சில நாள்லயே தப்புன்னு மன்னிப்புக் கேட்டு, திரும்பப் போடறோம்னு சொன்னாங்க, அடுத்த மாசம் அந்த சேனலோட தலைவர் பதவிய விட்டுப் போனாரு. அப்ப நான் 'மன்னிப்புக் கேட்டது சரி, இனிமே படத்துலயும் காட்டுங்க'ன்னு எழுதினதுக்கு சில பேர் சந்தாவ நிறுத்தறோம்னு கடுதாசி போட்டீங்க. ஞாபகம் இருக்கா? 2022ல இதே பென்னட் நடிச்சு 'தி ஹாலிடே சிட்டர்' வந்துச்சு, ஆணும் ஆணும் காதலிக்கறதயே முக்கியக் கதையா வச்ச ஹால்மார்க்கோட முதல் கிறிஸ்துமஸ் காதல் படம். அந்த மரத்துப் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு ஆண விரும்பற அவரு மாதிரி ஆளுங்க எத்தன வருஷம் வெளிய காத்துக்கிட்டு இருந்தாங்க! 2004ல 'மீன் கேர்ள்ஸ்' படத்துல எல்லாப் பொண்ணுங்களும் மயங்கற பையனா வந்தவரு, ஹீரோவா நிக்கறதுக்கு என்னென்ன வேணும்னு உள்ளுக்குள்ள இருந்து தெரிஞ்ச ஆளு. அவரு இந்தப் போட்டிய நடத்தறது எனக்கு நெறைய சந்தோஷம்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. முதல் சீசன்ல எஸ்ரா மோர்லண்ட் ஜெயிச்சாரு. 2024 டிசம்பர்ல ஃபைனல் வந்த அதே வாரத்துல அவரு ஹீரோவா நடிச்ச 'ஹேப்பி ஹவ்லிடேஸ்' படமும் வந்துருச்சு. இதுதான் இந்த ஷோல எனக்குப் பிடிச்ச விஷயம். கிரீடம், கட்டிப்புடி, 'உங்களுக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு'ன்னு வாய்ப் பந்தல், இதோட நிக்கல, கையில ஒரு முழுப் படம் குடுத்தாங்க. எல்லாப் போட்டிலயும் இப்படி நடக்கல. 2004ல விஎச்1ங்கற அமெரிக்க சேனல்ல ஒரு பழைய டிவி சீரியல மறுபடி எடுக்க நடிகர் தேடி ஒரு போட்டி வச்சாங்க, அதுல ஜெயிச்சவங்கள்ல ஒரு பொண்ணு எம்மா ஸ்டோன். அந்த சீரியல் பைலட்டோட, அதாவது சோதனைக்கு எடுக்கற முதல் எபிசோடோட நின்னு போச்சு, அந்தப் பொண்ணு அப்புறம் தானா ஆடிஷன் ஆடிஷனா ஏறி இறங்கி ரெண்டு ஆஸ்கர் வாங்குச்சு. 2008ல பிபிசி 'ஆலிவர்' மேடை நாடகத்துக்கு நான்சிங்கற வேஷத்துக்கு ஆள் தேடி ஒரு போட்டி வச்சுச்சு. அதுல ரெண்டாவதா வந்த ஜெஸ்ஸி பக்லி 2022ல ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனாங்க. 2011ல 'க்ளீ' சீரியலுக்கு நடிகர் தேடின 'தி க்ளீ ப்ராஜெக்ட்' போட்டில தோத்த அலெக்ஸ் நியூவெல் 2023ல பிராட்வே மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கினாரு.

இவங்கள்ல சில பேரு ஜெயிக்கலயேன்னு பாக்கறீங்களா? அதுல ஆச்சரியம் இல்ல. ஜட்ஜுங்க தேடறது ஒரு குறிப்பிட்ட வேஷத்துக்குப் பொருந்தற ஆள. நான்சிக்கு யாரு, மிஸ்டர் கிறிஸ்துமஸுக்கு யாரு, அவ்வளவுதான். அந்த அளவுக்கு அடங்காத ஆளு வெளிய போறது அவனுக்கே நல்லதாவும் முடியலாம். அதனால உங்க ஷோல அசிங்கமான ஸ்வெட்டர் போட்டி, குடும்ப கிறிஸ்துமஸ் போட்டோ இதெல்லாம் ஜாலியா பாத்துட்டு, கேமரா முன்னாடி சீன் நடிக்கற இடம் வந்ததும் கொஞ்சம் உத்துப் பாருங்க, எதிர்ல இருக்கறவங்க பேசும்போது யாரு நெஜமாவே காது குடுக்கறாங்கன்னு. தன் டயலாக் எப்ப வரும்னு காத்திருக்கிறவன் கண்ணு வேற மாதிரி இருக்கும். காது குடுக்கிறவன் மூணாவது வாரமே வெளிய போனாலும் அவன்தான் நடிகன்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு, இந்த ஒரு ஷோவ மட்டும் சொல்லல, மொத்த ரியாலிட்டி உலகத்தையும் சொல்றேன். படத்துல நடிக்கறவனுக்கு யூனியன் இருக்கு, குறைஞ்சபட்ச சம்பளம் இருக்கு, இத்தன மணி நேரத்துக்கு மேல வேல வாங்கினா ஓவர்டைம் இருக்கு. 2023ல அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் ஸ்ட்ரைக் பண்ணி இன்னும் கொஞ்சம் வாங்குச்சு. அந்த 118 நாளும் ரியாலிட்டி ஷோ மட்டும் நிக்காம ஓடுச்சு, ஏன்னா அதுல நிக்கறவங்கள நடிகர்னு யாரும் கணக்குல எடுக்கறது இல்ல, தொழிலாளின்னும் எடுக்கறது இல்ல, 'போட்டியாளர்'. 'லவ் இஸ் பிளைண்ட்'ங்கற ஜோடி தேடற ரியாலிட்டி ஷோல கலந்துக்கிட்ட ஒருத்தர் 2022ல கேஸ் போட்டாரு, வாரத்துக்கு ஆயிரம் டாலர், நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் வேல, கணக்குப் பாத்தா மணிக்கு 7 டாலர் சொச்சம்னு. 2024ல 14 லட்சம் டாலர் குடுத்து சமரசம் ஆச்சு. அதே வருஷம் டிசம்பர்ல அமெரிக்க அரசாங்கத்தோட தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தோட மினியாபொலிஸ் ஆபீஸே அந்த ஷோ தயாரிப்பாளர்கள் மேல புகார் பதிவு பண்ணுச்சு, அதுல கலந்துக்கிறவங்கள ஊழியர்னு நடத்தணும்னு.

சாதாரண ஷோவுக்கே இந்த நியாயம்னா, நடிகன் ஆகணும்னு வர்ற பையன கேமரா முன்னாடி ஸ்கிரிப்ட் குடுத்து சீன் நடிக்க வைக்கிற ஷோவுக்கு எவ்வளவு நியாயம் வேணும்? அது நடிப்பு வேலைதானே? நம்மள எட்டு வாரம் உக்கார வைக்கிறது ஜெயிச்ச ஒருத்தன் மட்டுமா, தோத்த ஒம்போது பேருந்தானே? இதச் சொன்னா 'அவங்களுக்கு வாய்ப்பு கிடைக்குதே, அது போதாதா'ன்னு ஒரு பதில் உடனே வரும், தொழில்ல பெரிய எடத்துல இருக்கறவங்ககூட என்கிட்ட நேர்ல சொல்லியிருக்காங்க, அவங்களோட என் சண்டை இன்னும் முடியல. வாய்ப்ப வச்சு வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆடிஷன்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் கேமரா முன்னாடி நின்ன ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் பத்து பேருக்கும் நடிகர் சம்பளம், ஒம்போது பேருக்கும் யூனியன்ல சேர அந்த நாளுங்கள கணக்குல எடுத்துக்கணும். இத ஹால்மார்க் முதல்ல பண்ணட்டும், அடுத்த வாரமே இந்தப் பக்கத்துல முழுசா பாராட்டி எழுதறேன்.