அரசியல் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட கன்னியரை மறைசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தவர்கள், என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பதே என் கருத்து. ஆனால், குற்றப்பத்திரிகையை மட்டும் படித்தால் விடை கிடைக்காது; மதத்தைக் குற்றமாக எழுதாமலேயே மதத்துக்காகக் கொல்ல அரசுகளுக்குத் தெரியும்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கொம்பியேன் நகரத்தில், கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவு சபைக் கன்னியரின் மடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1792 செப்டம்பரில் அக்கன்னியர் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். துறவு உடையைக் களைந்து, சிறு சிறு குழுக்களாக வாடகை வீடுகளில் தங்கி, செப வாழ்க்கையை விடாமல் தொடர்ந்தார்கள். நாட்டின் அமைதிக்காகத் தங்களையே பலியாக ஒப்புக்கொடுப்போம் என்று தலைமை அன்னை தெரேசா சொன்னபோது, வயதான இரண்டு சகோதரிகள் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினை நினைத்து நடுங்கினார்கள். அன்று மாலையே வந்து மன்னிப்புக் கேட்டு, ஒப்புக்கொடுத்தலில் சேர்ந்துகொண்டார்கள். அந்த நடுக்கம்தான் எனக்கு அவர்களை நம்ப வைக்கிறது.

1794 ஜூனில் கைது. சோதனையில் கிடைத்தவற்றில் புரட்சி கவிழ்த்த மன்னர் பதினாறாம் லூயியின் படமும் இயேசுவின் திருஇருதயப் பாடலும் இருந்தன. அரசியல், சமயம் இரண்டும் ஒரே கட்டுக்குள்! பாரிஸுக்குக் கொண்டுபோகும் உத்தரவு வந்த நேரத்தில் அவர்களுடைய சாதாரண உடைகள் துவைக்கப் போட்டு நனைந்திருந்தன. அதனால், தடை செய்யப்பட்ட துறவு உடையிலேயே போனார்கள். நனைந்த உடைகள் அதே சிறையிலிருந்த ஆங்கிலேய பெனடிக்ட் சபைக் கன்னியருக்குப் போய்ச் சேர்ந்தன; அவற்றை உடுத்திக்கொண்டே அவர்கள் 1795இல் இங்கிலாந்து திரும்பினார்கள்.

ஜூலை 17 அன்று அரசியல் குற்றவாளிகளாக 16 பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் வெளிவேலை பார்த்த சாதாரணப் பெண்கள். கொலைமேடையில் முதலில் ஏறியவர் நவதுறவி (துறவுப் பயிற்சியில் இருப்பவர்) கான்ஸ்டன்ஸ். வார்த்தைப்பாடுகளுக்கு, அதாவது துறவு வாக்குறுதிகளுக்கு, புரட்சி அரசு விதித்த தடையால் ஆண்டுக்கணக்கில் நவதுறவியாகவே இருந்தவர். தலைமை அன்னை முன் முழந்தாளிட்டு ஆசி பெற்று, “ஆண்டவரைப் போற்றுங்கள்” என்ற திருப்பாடலைப் பாடிக்கொண்டே படியேறினார். தலைமை அன்னை கடைசியாக ஏறினார்.

அடுத்த 10 நாளில் புரட்சி அரசின் தலைவர்களில் முதன்மையானவரான ரோபெஸ்பியர் வீழ்ந்தார். இவர்கள் பலியின் பலன் அது என்று பக்தர்கள் சொல்வதுண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அடுத்து தன் தலையும் போகும் என்று பயந்த புரட்சி அரசின் தேசிய சபை உறுப்பினர்களே அவரைக் கவிழ்த்தார்கள்.

1906இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் இவர்களுக்கு அருளாளர் பட்டமும் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டமும் அளித்தார்கள். பாரிஸின் பிக்பூஸ் கல்லறையின் பொதுக் குழிகளில், கில்லட்டினில் கொல்லப்பட்டவர்கள் இவர்களையும் சேர்த்துச் சுமார் 1,300 பேர் கிடக்கிறார்கள். அத்தனை பேரையும் திருச்சபை மறைசாட்சிகள் என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.