முதல் மாரத்தான்: வாசகர் கேள்வி – பதில்

மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில், முதல்முறையாக ஓடப்போகிறவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் தேர்ந்து இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 43. வங்கியில் பணிபுரிகிறேன். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓடுவது வழக்கம். பத்து கிலோமீட்டரை 70 நிமிடத்தில் முடிக்கிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓட ஆசை. ஆறு மாதம் போதுமா? போட்டிக்கு முன் ஒருமுறையாவது முழுத் தூரத்தையும் ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் நண்பர். அது சரியா?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: இப்போதே பத்து கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்கு ஆறு மாதம் போதும். ஆனால் இந்த ஆறு மாதத்துக்குள் வங்கியின் அரையாண்டுக் கணக்கு முடிப்பு வரும், தீபாவளி வரும், ஐப்பசி மழை வரும், வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வரும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் வாரத்துக்கு நான்கு நாள் ஓட முடியுமா என்பதை முதலில் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் ஜனவரியில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை ஓடிவிட்டு, முழு மாரத்தானை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. எங்களைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதையே சொல்வோம்.

முடியும் என்றால், நான்கு நாட்களில் மூன்று நாள் சாதாரண ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த நீண்ட ஓட்டத்தை 12 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போய், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் சற்றுக் குறைத்து, டிசம்பர் நடுவில் 30 அல்லது 32 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். இந்த ஓட்டத்தின் வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: பக்கத்தில் ஓடி வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ரேஸ் கோர்ஸில் பழகிய கண்ணுக்கு அது வெட்கப்படத்தக்க வேகமாகத் தெரியும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் ஒருமாதிரி பார்க்கவும் கூடும். பொருட்படுத்த வேண்டாம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதங்கள் பிடிக்கும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று வேகத்தையும் தூரத்தையும் ஒரே நேரத்தில் கூட்டுகிறவர்கள்தான் முழங்கால் வலியோடும் கெண்டைக்கால் வலியோடும் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

நண்பர் சொல்வதை ஏற்க வேண்டாம். 42 கிலோமீட்டர் ஓட்டத்தில் தசைகளுக்கு ஏற்படும் சேதம் ஆறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும்; பயிற்சியிலேயே அதைச் செய்துவிட்டால் களைத்த கால்களோடுதான் சென்னைக்குப் போவீர்கள். உங்களுடைய மிக நீண்ட ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதன்பின் ஓடும் நாட்களைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். அந்த மூன்று வாரத்தில் கால் பரபரக்கும், 'மறந்துபோய்விடுமோ' என்று பயமும் வரும். அப்போது கூடுதலாக ஓடுவதால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டர் என்று முழுமையாக இல்லாமல் 195 மீட்டர் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கிய ஓட்டம், விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிந்தது, அந்தத் தூரம்தான் 42.195 கிலோமீட்டர். 1921இல் அதையே நிலையான அளவாக ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது, இரண்டு குழந்தைகள். விடியுமுன் ஓடினால்தான் வீட்டு வேலைக்குத் திரும்ப முடிகிறது. ஆனால் இருட்டும் தெருநாய்களும் பயமாக இருக்கின்றன. மாமியாரோ, 'இத்தனை தூரம் ஓடுவது பெண்ணின் உடம்புக்கு ஆகாது' என்கிறார். எங்கே, எப்படி ஓடுவது?
– வாசகி, காமராஜர் சாலை, மதுரை

பதில்: உங்கள் மாமியார் சொன்னதையே விளையாட்டு நிர்வாகிகளும் நீண்ட காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் 1984 வரை இல்லை. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் முதல் தங்கத்தை வென்றார். இதை வீட்டில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு அருகிலேயே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலமும் கொண்ட குளம் என்பதால், சுற்றி ஒருமுறை வந்தால் 1.2 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். எட்டுச் சுற்று வந்தால் பத்து கிலோமீட்டர். அந்த வேளையிலும் நடப்பவர்கள் இருப்பார்கள், கோயிலும் பூக்கடையும் டீக்கடையும் பக்கத்திலேயே இருக்கின்றன, தண்ணீர்ப் புட்டியை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே திசையில் சுற்றினால் ஒரு பக்கத்துக் கால் மட்டும் வலிக்கும். பாதியில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு அழகர்கோவில் சாலையைப் பலர் விரும்புகிறார்கள், ஆனால் அங்கே நான்கைந்து பேராகச் சேர்ந்து போவதே முறை. சாலையில் ஓடும்போது வாகனங்கள் எதிரே வரும்படி வலப்புறமாக ஓடுங்கள். வெளிர் நிற உடை கட்டாயம். நத்தம் சாலை மேம்பாலம் காலையில் வெறிச்சோடித்தான் இருக்கிறது. இருந்தாலும் அங்கே ஓட வேண்டாம், விரைந்து வரும் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்க அங்கே இடம் கிடையாது.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல் மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மதுரை வெயிலில் பயிற்சி செய்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்கிறார்களே? இளநீர், பதநீர் குடிக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். தண்ணீர் குறைவதால் வரும் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். அளவுக்கு மீறிக் குடிப்பதால் வருவதைப் பலர் அறிவதில்லை. மெதுவாக ஓடி ஐந்தாறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒருவர் போட்டி வழியில் தண்ணீர் தரும் ஒவ்வொரு நிலையத்திலும் வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துக்கொண்டே போனால், இரத்தத்தில் சோடியத்தின் அளவு இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உங்கள் உடம்பின் கணக்கை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ஆனியில் வரும் கணக்கு மார்கழியில் வராது என்பதால் இரண்டு பருவத்திலும் பாருங்கள்.

வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே போதும், அது இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே ஓடி முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோரும் இளநீருமாகக் குடித்தால் பொருத்தமாக இருக்கும். பதநீர் நல்ல பானம்தான், ஆனால் ஓட்டத்துக்கு முன்பு வேண்டாம், சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ஜிகர்தண்டாவைப் பற்றியும் ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார்: ஓடி முடித்த மாலையில் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: முப்பது கிலோமீட்டரில் திடீரென்று கால் நகராமல் போய்விடும் என்கிறார்கள். அது உண்மையா? என்ன சாப்பிட வேண்டும்?
– ஆசிரியர், சோழவந்தான்

பதில்: உண்மைதான். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜனாகச் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி தரும். ஒரு கிலோமீட்டர் ஓட, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடும்போது 1,950 கலோரி ஆகிவிடுகிறது. அதில் ஒரு பங்கைக் கொழுப்பு தருகிறது என்றாலும், வேகமாக ஓட ஓடக் கொழுப்பின் பங்கு குறைந்து மாவுச்சத்தே கரைகிறது. தொடக்கத்தில் வேகமாக ஓடியவரைக் கடைசி பத்து கிலோமீட்டர் பழிவாங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே முக்கால் மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழமும் நல்லதே. கடலை மிட்டாயை ஓடிக்கொண்டே மெல்ல முடியாது, தொண்டையில் துகள் சிக்கிக்கொள்ளும். எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் ஞாயிறு ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகிய பிறகே போட்டிக்குக் கொண்டுபோங்கள். முந்தின இரவு இட்லியோ ரசம் சாதமோ போதும். பரோட்டாவும் சால்னாவும் அன்று வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பள்ளி நாளிலிருந்து வெறுங்காலில்தான் ஓடுகிறேன். மாரத்தானுக்கு விலையுயர்ந்த ஷூ கட்டாயமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கட்டாயமில்லை. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். வெறுங்கால் ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற நம் ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தது, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய சாதனையாக நின்றது. இருந்தாலும், தார்ச்சாலையின் கண்ணாடித் துண்டும் ஆணியும் உங்கள் பழக்கத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. ஷூ வாங்குவதென்றால் விலையைப் பார்க்காமல், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி வாங்குங்கள். அதைப் போட்டு ஓடிப் பழக ஒன்றிரண்டு மாதம் கொடுங்கள்.

கேள்வி: 54 வயது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. ஓடலாமா? வலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?
– வாசகர், திருநகர்

பதில்: முதல் கேள்விக்கான பதிலை இதயப் பரிசோதனை செய்துபார்த்த மருத்துவர்தான் தர வேண்டும், நாங்கள் தர முடியாது. இரண்டாவதற்கு: கூடாது. நீர் குறைந்த உடம்பில் டைக்லோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

கேள்வி: ஞாயிறு ஓடிவிட்டு அன்றிரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறித் திங்கள் காலை வேலைக்குப் போகத் திட்டம். முடியுமா? போட்டி நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பழங்காநத்தம்

பதில்: தொடக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இழுத்துக்கொண்டு போகும் வேகத்தைக் கவனியுங்கள், அவ்வளவுதான். உங்கள் நேரத்தை எண் அட்டையிலோ ஷூவிலோ உள்ள மின்னணுச் சில்லு (சிப்) அளக்கும். நீங்கள் கோட்டைக் கடக்கும்போதுதான் அது தொடங்கும் என்பதால் முண்டியடிக்கத் தேவையில்லை. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று போனாலே 5 மணி 38 நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அந்தப் போட்டியில் வைத்திருக்கும் வரம்பைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வைத்துக்கொள்வதும் கௌரவக் குறைவான முறை ஒன்றுமில்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்புக்காம்பிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மறந்தவர்களுக்குக் குளிக்கும்போது தெரியும்.

ரயிலில் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள், அன்றிரவு மேலே ஏற முடியாது. இடையில் ஓரிருமுறை எழுந்து பெட்டிக்குள்ளேயே நடந்துவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் சமாளிக்கலாம். ஆனால் தொடையின் முன்பக்கத் தசைகள் செவ்வாய்க்கிழமைதான் மிக மோசமாக வலிக்கும், அலுவலகம் மாடியில் இருந்தால் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு நடை மட்டும் போதும்.