கூரை ஆன்டெனா, எர்த், மின்னல்: தென்னாப்பிரிக்க அமெச்சூர் (பொழுதுபோக்கு) ரேடியோக்காரர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணே, பின்கட்டில் 6 மீட்டர் பைப் நட்டு வி.ஹெச்.எஃப் (மீயுயர் அதிர்வெண்) ஆன்டெனா வைக்கப் போகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: கரண்டு கம்பியை, தம்பி. பைப் 6, ஆன்டெனா 1.5, ஆக 7.5 மீட்டர். அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 11 மீட்டருக்கு மேல் கம்பி தள்ளி இருக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய உங்கள் பகுதி வீடுகளில் அந்த இடம் கிடைக்காவிட்டால் உயரத்தைக் குறையுங்கள். பைப்பை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பி மூன்று பக்கமும் சம கோணத்தில், முளைகள் பைப்பின் அடியிலிருந்து 4 மீட்டருக்குக் குறையாமல்.

கேள்வி (லெனேசியா): ஆன்டெனாவுக்குத் தனி எர்த் ராடு (மண்ணில் இறக்கும் உலோகக் கோல்) அடித்தேன். வீட்டு எர்த்தோடு சேர்க்கவில்லை. சரிதானே?

பதில்: சரியில்லை. சேர்த்தே ஆக வேண்டும். 16 சதுர மி.மீ செம்புக் கம்பி போதும். டி.பி போர்டில் (வீட்டு மின்பகிர்வுப் பலகையில்) கை வைப்பது பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை, முடிந்ததும் சி.ஓ.சி (வேலை விதிப்படி உள்ளது என்ற சான்றிதழ்) கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): இதை ஏற்க முடியவில்லை ஐயா. சேர்த்தால் மின்னலை நாமே வீட்டுக்குள் கூப்பிடுவதாகாதா?

பதில்: பலரும் இப்படித்தான் நம்பி ரேடியோவைக் கருக்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண மின்னல் 30,000 ஆம்பியர். ராடின் தடை 10 ஓம் என்றால் அந்த நொடி ராடு 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். பாறை நிலத்தில் 10 ஓம் கிடைப்பதே அரிது. வீட்டு எர்த் அப்போது கீழேயே நிற்கும். ரேடியோவோ கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) வழியாக ராடையும், மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த 3 லட்சம் வோல்ட் வித்தியாசம் தள்ளும் மின்சாரம் ரேடியோ வழியாகத்தான் பாயும். சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கரண்டு கம்பியில் உட்கார்ந்த மைனாவுக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான்.

கேள்வி (அவரே): அப்படியானால் ராடே வேண்டாமே, வீட்டு எர்த் ஒன்றே போதாதா?

பதில்: போதாது. மின்னல் வெளியிலேயே மண்ணுக்குள் இறங்க வேண்டும். 1.5 மீட்டர் ராடு இரண்டு மூன்று, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி அடியுங்கள். கேபிள் நுழையும் இடத்தில் வெளிச்சுவரில் ஒரு செம்புத் தகடு. அரெஸ்டர் (மின்னல் தடுப்பான்) அதன் மேல். டிவி டிஷ் கேபிளும் அதே தகடு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தகட்டிலிருந்து ராடுக்குப் போகும் கம்பி குட்டையாக, நேராக இருக்கட்டும். மீதக் கம்பியைச் சுருட்டி வைத்தால் மின்னல் அதை விட்டுவிட்டுச் சுவரில் தாவும்.

கேள்வி (பீனிக்ஸ்): தனி எர்த் நல்லதா, சேர்ப்பதா?

பதில்: சேர்ப்பது. மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

கேள்வி (டர்பன் கடற்கரைப் பக்கம்): ஒரே வருடத்தில் சிக்னல் பாதியாகிவிட்டது, அண்ணா.

பதில்: மேல் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். வெளியுறையை ஒரு சாண் உரித்துப் பாருங்கள்: செம்புப் பின்னல் கறுத்திருந்தால் கேபிளை மாற்றுவதே வழி. புதிதில், தனக்குத்தானே ஒட்டும் ரப்பர் டேப்பை அகலம் பாதியாகும்வரை இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றுங்கள். அதன்மேல் கறுப்பு வினைல் டேப். இல்லாவிட்டால் வெயிலில் ரப்பர் வெடித்துவிடும். சுவருக்குள் நுழையுமுன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கே சொட்டிவிடும். தகரக் கூரையில் வெறும் செம்பு படக் கூடாது, துத்தநாகப் பூச்சை அரித்துவிடும்.

கேள்வி (லெனேசியா): இடி கேட்டதும் கேபிளைக் கழற்றினால் போதாதா?

பதில்: இடி கேட்டபின் கேபிளைத் தொடவே தொடாதீர்கள். வானம் கறுக்கும்போதே கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே வையுங்கள். மேசை மேல் கிடக்கும் கனெக்டரிலிருந்து தீப்பொறி அறைக்குள்ளேயே பாயும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): அமெச்சூர் உரிமம் எப்படி வாங்குவது?

பதில்: எஸ்.ஏ.ஆர்.எல் (தென்னாப்பிரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கம்) நடத்தும் தேர்வு எழுதுங்கள். உரிமம் தருவது ஐகாசா (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்).

கேள்வி (சாட்ஸ்வொர்த்): தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டலாமா?

பதில்: கூடாது, குழாய் பாதியில் பிளாஸ்டிக்காக மாறியிருக்கும். ராடே அடியுங்கள். அந்த 11 மீட்டரை அளந்தீர்களா?