மட்டக்களப்பில் படங்களுக்கு ஒலி சேர்க்கும் ஸ்டூடியோவுக்கு எப்படிப்பட்ட புரொஜெக்டர் வாங்கலாம்?

கல்லடியில் குறும்படங்களுக்கு ஒலிக்கலவை செய்யும் அறைக்கு என்று கேட்டிருந்தீர்கள். வெளிச்சத்துக்கு முன்னம் சத்தத்தைப் பாருங்கள். மூச்சு, சேலை உரசும் ஓசை எல்லாம் புரொஜெக்டர் ஃபேன் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். முடிந்தால் பக்கத்து அறையில் வைத்துக் கண்ணாடி வழியாகப் படத்தை விழுத்துங்கள். அங்கே காற்றோட்டம் கட்டாயம்.

அதைவிட முக்கியம் தாமதம். செக்கனுக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் ஏறத்தாழ 42 மில்லி செக்கன். புரொஜெக்டர் இரண்டு பிரேம் பிந்திக் காட்டினால், அந்த உதட்டசைவுக்கு நீங்கள் பொருத்திய வசனம் வேறு திரையில் பிந்தித்தான் கேட்கும். தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடில் புரொஜெக்டரைப் போட்டு, கைதட்டும் காட்சியொன்றை ஓடவிட்டுப் பாருங்கள். மிச்சத் தாமதத்தை மென்பொருளில் ஈடுகட்டலாம்.

திரை நுண்துளைத் திரையாக இருக்கட்டும். நடு ஸ்பீக்கரை அதன் பின்னால் வைத்தால் குரல் வாயிலிருந்தே வரும். அப்புறம், கடல் உப்புக்காற்று இருக்கிறதே, மூடிய ஒளிப்பாதை கொண்ட லேசர் வகையையே வாங்குவேன்.